எஸ்தர் ராணியும் முக்கோண பிஸ்கட்டும்

யூதர்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த பண்டிகை 'பூரிம்'. அநேகமாக மார்ச் மாதத்தில் வரும். அன்றைக்கு ராஜா, ராணி வேஷம் போடலாம். ஜெப ஆலயத்தில் எஸ்தர் கதை வாசிக்கும்போது, ஆமான் என்ற பெயர் வந்தால் போதும், கிலுகிலுப்பையைச் சுற்றிக் கூச்சல் போடலாம். யாரும் அதட்ட மாட்டார்கள்!

ஆனால் கதை என்னவோ பயங்கரமானதுதான். ஆமான், பாரசீக ராஜாவின் மந்திரி. மொர்தெகாய் என்ற யூதர் தன்னை வணங்கவில்லை என்று ஆத்திரம். குழந்தை குட்டிகளோடு யூதர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் கொல்ல உத்தரவு போட்டுவிட்டான். நாள் குறிக்கச் சீட்டுப் போட்டான். அந்தச் சீட்டுக்குப் பெயர் 'பூர்'. பண்டிகையின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ராணி எஸ்தர், தான் யூதப் பெண் என்பதை மறைத்து வைத்திருந்தவள். கூப்பிடாமல் ராஜா முன்னே போனால் உயிர் போகலாம். துணிந்து போனாள், உண்மையைச் சொன்னாள், தன் ஜனங்களைக் காப்பாற்றினாள்.

இதை நாலு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? மறைக்கவும் கூடாது, பயமுறுத்தவும் கூடாது. இங்கேதான் சமையலறை கைகொடுக்கிறது. அம்மா மாவு பிசைந்தபடியே கதை சொல்வாள். செய்யப் போவது 'ஹாமன்டாஷன்', அதாவது ஆமானின் பைகள். இஸ்ரேலில் 'ஆமானின் காதுகள்' என்பார்கள். ஊரையே நடுங்க வைத்தவனின் காதைக் கடித்துத் தின்னும்போது, குழந்தைக்குப் பயம் ஏது? உள்ளே ஒளிந்திருக்கும் பூரணம், எஸ்தர் மறைத்த ரகசியம் மாதிரி என்றும் சொல்வதுண்டு.

செய்முறை சுலபம். 100 கிராம் வெண்ணெயையும் 75 கிராம் பொடித்த சர்க்கரையையும் குழைத்து, ஒரு முட்டை சேர்த்து அடியுங்கள். 250 கிராம் மைதா, 1 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், சிட்டிகை உப்பு சேர்த்துப் பிசைந்து, அரை மணி குளிர வையுங்கள். பூரணத்துக்கு 100 கிராம் கசகசாவைப் பொடித்து, அரை கப் பால், 3 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, 1 டேபிள்ஸ்பூன் தேன் விட்டுக் கெட்டியாகக் கிளறி ஆற வையுங்கள். பேரீச்சம்பழ விழுதும் வைக்கலாம். மாவை மெல்லிசாக இட்டு, டம்ளர் வாயால் வட்டம் வெட்டி, நடுவில் 1 டீஸ்பூன் பூரணம் வைத்து, மூன்று பக்கமும் மடித்து மூலைகளை அழுத்துங்கள். பூரணம் கூடினால் பிரிந்துவிடும்! 180 டிகிரி சூட்டில் 12 முதல் 15 நிமிஷம், ஓரம் பொன்னிறமாகும்வரை சுடுங்கள்.

வட்டம் வெட்டுவதும் பூரணம் வைப்பதும் வாண்டுகள் வேலை; அடுப்பு அம்மா வேலை. ஒரு வயதாகாத குழந்தைக்குத் தேன் மட்டும் கூடாது.

சுட்டதெல்லாம் வீட்டுக்கே அல்ல. அன்றைக்கு ஒருவருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்ப வேண்டும், இரண்டு ஏழைகளுக்காவது தானம் தர வேண்டும் என்பது முறை. தட்டை ஏந்திப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். தலையில் காகிதக் கிரீடம், சட்டையெல்லாம் மாவு!