நீல் நின்ற இடம்

அண்ணா சாலை மவுண்ட் ரோடாக இருந்த காலத்தில், ஸ்பென்சர் பக்கம் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஒரு வெண்கலச் சிலை நின்றது. ஜேம்ஸ் நீல், மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் படையின் தளபதி. 1857 கிளர்ச்சியை முதலில் தடுத்து நிறுத்திய வீரர் என்று பீடத்தில் புகழுரை.

அந்தத் தடுப்பு எப்படி நடந்தது? அலகாபாத்தில் விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் மரங்களில் ஆட்களைத் தூக்கிலிட்டார்கள். சுற்றியிருந்த ஊர்களைக் கொளுத்தினார்கள். கான்பூரில் பீபீகர் வீட்டில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது கொடுமைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே உறைந்து கிடந்த இரத்தத்தைக் கைதிகள் சுத்தம் செய்த பிறகே தூக்கிலிட வேண்டும் என்று நீல் உத்தரவு போட்டார். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. நாக்கால் நக்கவும் வைத்தார்கள். சாதியும் மதமும் கெட்டுச் சாகட்டும் என்பதே நோக்கம். அந்தச் செப்டம்பரிலேயே லக்னோவில் குண்டு பட்டு நீல் இறந்தார். சென்னையில் சிலை வந்தது.

1927இல் சிலையை அகற்றக் கோரித் தொண்டர்கள் ஏணியும் சுத்தியலுமாக அதன் மேல் ஏறினார்கள். வெண்கலத்தைச் சுத்தியலால் தட்டினால் ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். அது அவர்களுக்கும் தெரியும். ஜெயிலுக்குப் போகத்தான் வந்திருந்தார்கள். கடலூர் அஞ்சலை அம்மாள் தன் சிறு மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு வந்தார். தாயும் மகளும் சிறைப்பட்டார்கள். காந்தி அந்தப் பிள்ளைக்கு லீலாவதி என்று பெயர் வைத்தார்.

சட்டசபை அப்போது அசையவில்லை. 1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகே சிலை இறங்கியது.

இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்தின் உடைமை. ஸ்பென்சர் அருகே பஸ்ஸுக்கு நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? அந்தமானில் அவர் பெயரைச் சுமந்த நீல் தீவு 2018இல் ஷஹீத் தீவானது. ஸ்காட்லாந்தில் அவர் பிறந்த இடத்துக்கு அருகே உள்ள ஏர் ஊரிலோ அவருக்கு இன்னும் சிலை இருக்கிறது. இரண்டு சிலைகளையும் வடித்தவர் மேத்யூ நோபிள்தான்.

சிலையை உருக்காமல் வைத்தது சரி என்றே நினைக்கிறேன். சாட்சியத்தை அழிக்கக் கூடாது. ஆனால் பக்கத்தில் கான்பூர் உத்தரவு தமிழில் எழுதப்பட வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் எட்டிப் படிக்கிற உயரத்தில். அதற்கும் கீழே அம்மாக்கண்ணுவின் பெயர்.