ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

மற்ற ஊர்களில் மாதக் கடைசியை எண்ணுவார்கள். திருப்பூரில் சனிக்கிழமையை எண்ணுவார்கள். பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் என்பது மளிகைக்கடைக்காரர் பழைய பாக்கியைக் கேட்கும் நேரம், பேக்கரி வாசலில் டீ கிளாஸோடு நின்று "மாப்ள, அடுத்த வாரம் எங்கடா போலாம்?" என்று கூட்டாளிகள் பேச்சைத் தொடங்கும் நேரமும் அதுதான். சம்பளத்துக்கு மேல் நாலு காசு பார்ப்பது, அந்தக் காசில் சினேகிதர்களோடு ஒரு நாள் ஊரைவிட்டுக் கிளம்புவது, இரண்டும் இந்த ஊர் உழைப்பாளிகளின் வாழ்க்கையில் சேர்ந்தே இருந்தவை. முப்பது முப்பத்தைந்து வருஷத்தில் இரண்டுமே வெகுவாக மாறிவிட்டன. முன்பு ஒன்று இன்னொன்றுக்குக் கைகொடுத்தது. இப்போது ஒன்று இன்னொன்றைத் தின்கிறது.

அன்று: கத்தரியும் காதர்பேட்டையும்

1990களில் ஏற்றுமதி ஏறுமுகமாக இருந்த காலம். காலை எட்டரைக்கு உள்ளே போனவர் ராத்திரி எட்டரைக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் தேதி நெருங்கிவிட்டால் விடிய விடிய 'நைட்' பார்க்க வேண்டும். இது கம்பெனிக் கணக்கு. இதற்கு வெளியேதான் உபரி வருமானம் என்ற தனிக் கணக்கு.

வீட்டில் இருந்த பெண்களுக்குப் பிசிர் வெட்டும் வேலை வந்தது. தைத்து முடித்த பனியன்களை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து திண்ணையில் போட்டுவிட்டுப் போவார்கள். சின்னக் கத்தரியை வைத்துக்கொண்டு, தோள் தையலிலும் கழுத்துப் பட்டையிலும் தொங்கும் நூலை ஒவ்வொன்றாக நறுக்க வேண்டும். பீஸுக்கு இத்தனை பைசா என்று கூலி. மடியெல்லாம் நூல் தூசி, விரலெல்லாம் காய்ப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டினார்கள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆண்களுக்குக் காதர்பேட்டை இருந்தது. ஏற்றுமதியில் கழிந்த 'செகண்ட்ஸ்' சரக்கை அங்கே லாட்டாக வாங்கலாம். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு பை நிறைய டீ-ஷர்ட் கொண்டுபோவார்கள். மாமன் மச்சானிலிருந்து தெருக்கோடி வீடு வரை விற்பார்கள். பாதிப் பணம் கையில், மீதி பொங்கலுக்கு. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் முகம் தெரியும். சாயம் போனால் வீட்டு வாசலுக்கே வந்து கேட்பார்கள். நாணயம் என்பதை அந்தப் பயம்தான் காப்பாற்றியது.

கல்லூரிப் பையன்களுக்கு முகூர்த்த நாள்தான் சம்பள நாள். மண்டபத்தில் பந்தி பரிமாறப் போவார்கள். முதல் நாள் ராத்திரி விருந்து, மறுநாள் காலை டிபன், மத்தியானச் சாப்பாடு என்று மூன்று வேளை ஓட்டம். இலையில் எது எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்பதை அங்கேதான் பலபேர் கற்றார்கள். வயிறாரச் சாப்பாடும் கையில் ரொக்கமும் கிடைக்கும். அந்த ரொக்கம் பெரும்பாலும் வீட்டுக்குப் போகாது. நேராக 'டூர் சீட்டு'க்குப் போகும்.

அலுவலகம் போகிறவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன: எல்.ஐ.சி. ஏஜென்சி, சாயங்கால டியூஷன், தட்டச்சுப் பயிலகத்தில் பகுதிநேர வேலை. தபால் நிலையத் தொடர் வைப்புக்கு வீடு வீடாகப் பணம் வசூலிக்கும் முகவர் வேலையைப் பெண்கள் பார்த்தார்கள். எல்லாமே மெதுவாகச் சேர்ந்த காசு. யார் எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரிந்த காசு.

சீட்டுப் பிடித்த டூர்

டூர் சீட்டு என்பது பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. ஒருவரிடம் ஒரு நோட்டு இருக்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டுப் பெயருக்கு நேராக 'டிக்' வாங்க வேண்டும். சில மாதங்களில் வேன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்ந்துவிடும். நோட்டு வைத்திருந்தவர் நம்பிக்கையான ஆளாக இருந்தாக வேண்டும். ஒரு தடவை கணக்கு இடித்தால் அடுத்த சீட்டை அவர் கையில் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

சம்பளம் வாங்கிய சனிக்கிழமை ராத்திரியே மெட்டடார் வேன் கிளம்பும். ஜூன் ஜூலையில் சீசன் என்றால் குற்றாலம். இல்லாவிட்டால் ஊட்டி, கொடைக்கானல், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை. கையில் காசு குறைவு என்றால் திருமூர்த்தி மலை, அமராவதி அணை, முதலைப் பண்ணை. அமராவதி அணைக்கரையில் மீன் வறுவல் சாப்பிடாமல் வந்தால் டூர் கணக்கில் சேராது.

ஓட்டல் செலவு கட்டுப்படியாகாது என்று ஸ்டவ்வையும் பாத்திரத்தையும் வேனில் ஏற்றிவிடுவார்கள். புளிசாதம் ஒரு அண்டா, தயிர்சாதம் ஒரு அண்டா. வழியில் பம்புசெட் ஓடுகிற தோட்டத்தைப் பார்த்தால் வேன் நிற்கும். தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொட்டியில் குளியல். ஒரே ஒரு கேமரா, அதில் 36 படம் எடுக்கும் ஒரு ரோல். 'வீணாக்காதே' என்று படம் எடுப்பவரை ஆளாளுக்கு விரட்டுவார்கள். ரோலைக் கழுவிப் பிரிண்ட் போட்டுப் பார்த்தால் பாதியில் யாராவது கண்ணை மூடியிருப்பார்கள். அந்தப் படத்துக்கும் பங்குப்பணம் உண்டு.

அந்த நாளைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. குடித்துவிட்டு அருவியில் இறங்கி உயிரை விட்டவர்கள் அன்றும் உண்டு. அந்த வேன்களில் பெண்கள் இல்லை. பெண்களுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் குடும்பத்தோடு பழனி, பண்ணாரி. சேர்ந்து கிளம்பினார்கள் என்றால் மேல்மருவத்தூருக்குச் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறுவது. சாமி பெயரைச் சொன்னால்தான் வீட்டில் அனுமதி கிடைக்கும்.

இன்று: வேலை பாக்கெட்டில், கூட்டாளி எங்கே?

இன்றைக்கு உபரி வருமானம் தேடித் தெருவில் அலைய வேண்டாம்; கைபேசியில் இருக்கிறது. ஸ்விக்கி, சொமேட்டோ டீ-ஷர்ட்டை மாட்டினால் சாயங்காலமே வேலை. காதர்பேட்டைச் சரக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் மீஷோவிலும் விற்கிறது. சென்னைக்காரரும் வாங்குகிறார், சூரத்காரரும் வாங்குகிறார். வீட்டில் இருந்தபடி ஆன்லைன் டியூஷன், கேக், ஆரி எம்ப்ராய்டரி என்று பெண்கள் சம்பாதிக்கிறார்கள். யூபிஐ வந்தது 2016இல். 'மீதி பொங்கலுக்கு' என்ற பேச்சே குறைந்துவிட்டது. பொருள் கைமாறுவதற்கு முன்பே பணம் வந்துவிடுகிறது. இது நல்ல மாற்றம், மறுக்க முடியாது.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். டெலிவரி வேலையில் ஒரு நாள் 100 கிலோமீட்டர் ஓடுகிறவர் வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கிறது என்று வையுங்கள். இரண்டேகால் லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய விலையில் 225 ரூபாய் சொந்தக் காசு. டயர், செயின், ஆயில், போன் ரீசார்ஜ் தனி. செயலி காட்டுகிற தொகையில் இதையெல்லாம் கழித்துவிட்டு நிற்பதுதான் வருமானம். இந்தத் தொழிலாளர்களுக்கென்று தமிழக அரசு 2023இல் நல வாரியம் அமைத்தது. அதில் பதிந்துகொள்ளாமல் ஓடிக்கொண்டிருப்பவர்கள் இப்போதாவது பதிந்துகொள்வது நல்லது.

இன்னொரு கணக்கும் உண்டு. அதை யாரும் போடுவதில்லை. சாப்பாடு ஆர்டர் குவிகிற நாள் எது? ஞாயிற்றுக்கிழமை. ஊக்கத்தொகை கூடுதலாகக் கிடைக்கிற நேரம் எது? அதே ஞாயிறு மத்தியானமும் ராத்திரியும். ஊர் முழுக்க ஓய்வெடுக்கிற நாள்தான் டெலிவரிக்காரருக்கு அறுவடை நாள். பந்தி பரிமாறப் போன பையனுக்கும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வந்ததுண்டு. ஆனால் அது எப்போதாவது. முகூர்த்தம் இல்லாத மார்கழியும் ஆடியும் அவனுக்கு இருந்தன. செயலிக்கு ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை.

அதனால்தான் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற பிளான் எல்லாம் குரூப்பிலேயே நிற்கிறது. ஒருவர் டெலிவரியில், ஒருவர் வார இறுதிக் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர், ஒருவர் ஞாயிறு லைவில் டீ-ஷர்ட் விற்பவர். எல்லாரிடமும் காசு இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு நாள் இல்லை. அன்று நாள் இருந்தது, காசுக்குத்தான் சீட்டுப் பிடித்தார்கள். இன்று நாளுக்குத்தான் சீட்டுப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மலையும் மாறிவிட்டது

பயணமும் அன்று மாதிரி இல்லை. வேன் போய் பைக் வந்தது, பைக் போய்க் கார் வந்தது. செலவை அங்கேயே ஜிபேயில் பிரித்துக்கொள்கிறார்கள். படத்துக்குப் பஞ்சமில்லை, ஒரு அருவிக்கு முன்னால் நின்று நூறு படம். பம்புசெட்டில் குளித்த இடமெல்லாம் ரிசார்ட்டாகவும் ஹோம்ஸ்டேயாகவும் ஆகியிருக்கிறது.

பெண்கள் கிளம்பிவிட்டார்கள் என்பதுதான் பெரிய மாற்றம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சுய உதவிக் குழுவில் பழகிய பழக்கம், கையில் சொந்தக் காசு, டிக்கெட் இல்லாத பஸ் மூன்றும் சேர்ந்ததில், ஒரே லைனில் தைக்கிற பெண்கள் சேர்ந்து பக்கத்துக் கோயிலுக்கோ அணைக்கோ போய்விட்டு வருவது சாதாரணமாகிவிட்டது. சாமியைக் காரணம் காட்ட வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது.

கூட்டம் பெருகியதற்கு மலைதான் விலை கொடுக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். நினைத்த மாத்திரத்தில் ஊட்டிக்கு வண்டியைத் திருப்பிய காலம் முடிந்தது. மலைக்கு அது நல்லதுதான்.

நேர்மையான காசு

அன்று தெருவுக்குத் தெரிந்த காசு. இன்று தெருவுக்குத் தெரியாத காசு. ஏமாற்றுக்காரர்களுக்கு இது வசதி. அன்று மட்டும் ஏமாறவில்லையா என்றால், ஏமாந்தார்கள். குஞ்சும் தீவனமும் நாங்களே தருகிறோம், மாதாமாதம் பணமும் தருகிறோம் என்ற பேச்சை நம்பிக் கொங்கு நாட்டில் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் 2012இல் நடுத்தெருவில் நின்றார்கள். இன்று அதே பேச்சு டெலிகிராமில் வருகிறது: வீடியோவுக்கு லைக் போட்டால் பணம். முதலில் சில நூறு ரூபாய் நிஜமாகவே வரும். பிறகு 'பெரிய டாஸ்க்' என்று கட்டச் சொல்வார்கள், அதோடு போச்சு. 'உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறேன்' என்பது இன்னும் மோசம். பணம் போவதோடு போலீஸும் வரும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை என்ற ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்.

தெரியாமல் செய்கிற தப்புகளும் உண்டு. பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அரசு ஊழியர் அனுமதியில்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது. ஓன் போர்டு காரை டூருக்கு வாடகைக்கு விடுவதும் சட்டப்படி சரியில்லை. கூட்டாளிதானே என்று கொடுத்த வண்டி மலையில் இடித்துக்கொண்டால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கிற கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வாடகை வண்டிக்கு மஞ்சள் போர்டு இருக்கிறது. அதை எடுப்பதில் சில நூறு ரூபாய் கூடினால் கூடட்டும்.

தீர்ப்பு என்ன என்று கேட்டால், சம்பாதிக்கும் வழியில் இன்று மேல். சேர்ந்திருக்கும் நேரத்தில் அன்று மேல். பிசிர் வெட்டிய திண்ணைக்கு யாரும் திரும்ப வேண்டாம். ஆனால் டூர் சீட்டின் நோட்டைத் திரும்ப எடுக்கலாம். அதில் காசுக்குப் பதில் தேதியை எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு நாள், ஞாயிறு தோதுப்படாவிட்டால் செவ்வாய். வார நாளில் போனால் மலையிலும் கூட்டம் குறைவு, அறை வாடகையும் குறைவு, டெலிவரிக்காரருக்கு இழப்பும் குறைவு. தேதி முடிவானதும் இ-பாஸை எடுத்துவிடுங்கள். அன்று ஒரு நாள் செயலியை அணைத்து வையுங்கள். மறுநாள் அது அதே இடத்தில்தான் இருக்கும்.