என்பும் தசையும் மூட்டும்

உடலமைப்பைத் தமிழிற் கற்றல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவங் கற்பித்ததோடு தமிழில் மருத்துவ நூல்களையும் ஆக்குவித்தார். 1872இல் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' அவற்றுள் ஒன்று. அவ்வழி நின்று, நம்மைத் தாங்கும் என்பு, இயக்குந் தசை, இயக்கத்துக்கு இடந்தரும் மூட்டு ஆகிய மூன்றையும் பற்றி இம்மலரிற் சில கூற விழைகின்றோம்.

பிறந்த குழந்தையின் உடலில் ஏறத்தாழ 270 முதல் 300 வரையான என்புகள் உள. வளருங்கால் அவற்றுட் சில ஒன்றோடொன்று பொருந்துதலால், வளர்ந்தோரின் வன்கூட்டில் எஞ்சுவன 206. தொடையென்பு யாவற்றினும் நீண்டது. செவியினுள்ளே அமைந்த அங்கவடி என்பு யாவற்றினும் சிறியது.

என்பின் இயல்பை அறிய எளியதோர் பரிசோதனை உண்டு. கோழியின் காலென்பைச் சில நாள் வினாகிரியில் ஊறவிட்டால், அது முறியாது வளையும். கல்சிய உப்புக்கள் கரைந்து புரத நார்களே எஞ்சியமை காரணம். அதுபோன்ற வேறோர் என்பை நெருப்பிலிட்டால், உருக்கெடாது நிற்கும், தொட்டால் நொறுங்கும். நார் எரிந்து உப்பு மாத்திரம் எஞ்சியமை காரணம். உறுதியும் நெகிழ்வும் சேர்ந்ததே நல்லென்பு.

என்பை உலர்ந்த கட்டையெனக் கருதுதல் தவறு. அஃது உயிருள்ள இழையம். ஒருவகைக் கலங்கள் பழைய என்பை அரித்தெடுக்க, மற்றொருவகைக் கலங்கள் புதியதைக் கட்டுகின்றன. சுமை தாங்கும் இடத்தில் என்பு தடிக்கும். சுமை நீங்கின் மெலியும். எடையற்ற விண்வெளியில் மாதக்கணக்காகத் தங்குவோரின் இடுப்பென்பு, தகுந்த பயிற்சி இல்லையாயின், மாதமொன்றுக்கு நூற்றுக்கு ஒரு பங்களவிற் குறைகின்றது.

இனித் தசையைக் காண்போம். தசை இழுக்குமேயன்றித் தள்ளாது. ஆதலின் அவை எதிரெதிராய் அமைந்துள்ளன. மேற்கையின் இருதலைத்தசை முழங்கையை மடக்கும், முத்தலைத்தசை நீட்டும். முன்கை ஒரு நெம்புகோல். முழங்கையிலிருந்து 4 சதமமீற்றர் தூரத்தில் தசை பற்ற, 32 சதமமீற்றர் தூரத்தில் உள்ளங்கை 5 கிலோகிராம் எடையைத் தாங்குமாயின், தசை 40 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையைத் தரல்வேண்டும். வலிமையை இழந்தும் விரைவைப் பெறுதலே இவ்வமைப்பின் பயன். பந்தெறிபவனின் கை வேகம் இதனாலாயது.

மூட்டுக்களுள் மண்டையோட்டிலுள்ளவை அசையா. முழங்கை கதவின் பிணைச்சல்போல் ஒருவழி அசையும். இடுப்பு குழியிற் பொருந்திய பந்துபோல் எத்திசையும் சுழலும். அசையும் மூட்டில் என்புமுனைகளை வழுவழுப்பான கசியிழையம் மூடியுள்ளது. அதற்குக் குருதிக் கலன்கள் இல்லை. அமுங்கியும் விரிந்தும் மூட்டிலுள்ள நீர்மத்திலிருந்தே அஃது உணவு பெறும். எனவே அசைவே மூட்டின் ஊண் எனலாம்.

இவற்றால் நாம் அறிவது யாது? என்பின் செறிவு முப்பது வயதளவில் உச்சமடைந்து, பின்னர் மெல்லக் குறைகின்றது. அச்செறிவிற் பெரும்பகுதி பெற்றோர்வழி வரும் முதுசொம். எஞ்சியது இளமையில் நாமே ஈட்டுந் தேட்டம். ஓட்டமும் பாய்ச்சலும், குரக்கனும் பாலும் கீரையும், இளவெயிலும் அத்தேட்டத்துக்கு உதவுவன.

இன்றோ பள்ளி விட்டதும் மைதானத்தை நாடாது தனியார் வகுப்புக்கு விரையும் மாணவர் பலர். உடற்பயிற்சிப் பாடவேளையும் பரீட்சைப் பாடங்களுக்கு இரவலாகின்றது. இதனால் வரும் இழப்பு இன்று தெரியாது. அறுபதாம் வயதில், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பென்பு முறியும்போதே தெரியும். ஆசிரியப் பெருமக்கள் அவ்வொரு பாடவேளையைக் காத்தளிக்க வேண்டுகின்றோம்.

எம்மொத்த பழைய மாணவரும் மனந்தளர வேண்டா. தொண்ணூறு வயதை எட்டியோருங்கூட முறையான பயிற்சியால் தசைவலிமை மிகப் பெற்றமையை 1990இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. வைத்தியரின் ஆலோசனையுடன் நாடோறும் நடப்போமாக. விழா நாளில் மைதானத்தைச் சுற்றி ஒருமுறையேனும் நடந்து, அந்நற்பணியைத் தொடங்குவோமாக.