போலீஸ்காரர் மகன் திறந்த பாதை

மலைச் சரிவில் பாம்பு போல வளைந்து போகிறது ஒரு சாலை. அதன் குறுக்கே ஐந்து பெரிய பைன் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடக்கின்றன. மரங்களைச் சுற்றி மண்ணுக்குள் கண்ணிவெடிகள். குன்றின் மேலே எதிரிகளின் இயந்திரத் துப்பாக்கிகள் குறி வைத்துக் காத்திருக்கின்றன.

பின்னால் டாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றால் ஓர் அடி கூட முன்னே நகர முடியாது.

வெளிச்சம் மங்கிக் கொண்டிருந்த அந்த வேளையில், கண்ணிவெடிகளை அகற்றும் வேலையைத் தொடங்கினார் ஒரு வாலிபர். முதல் நாள் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை.

அது 1948-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி. இடம், காஷ்மீரில் நௌஷேராவில் இருந்து ராஜோரி செல்லும் சாலை. அந்த வாலிபரின் பெயர் ராமா ரகோபா ரானே. ராணுவ என்ஜினீயர் படையில் செகண்ட் லெப்டினென்ட். வயது 29.

இந்திய ராணுவ என்ஜினீயர் படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான்.

அப்பாவின் கவலை

ரானேயின் சொந்த ஊர் கார்வாருக்கு அருகில் உள்ள செண்டியா கிராமம். இன்று கர்நாடகத்தில் இருக்கும் அந்தப் பகுதி அப்போது பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்தது. 1918-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி அவர் பிறந்தார்.

தந்தை போலீஸ் கான்ஸ்டபிள். அடிக்கடி மாற்றல் வரும் உத்தியோகம். அப்பா போன இடமெல்லாம் குடும்பமும் போனது. பையனின் படிப்பும் ஊர் ஊராக மாறியது. மாற்றல் உத்தரவு வந்ததும் மூட்டை கட்டும் வாழ்க்கை நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான்.

1930-ம் ஆண்டு. நாடெங்கும் காந்திஜியின் சத்தியாக்கிரகம். கார்வாரை அடுத்த அங்கோலாவில் உப்புச் சத்தியாக்கிரகம் மும்முரமாக நடந்தது. 12 வயது ரானேயின் மனம் அந்த இயக்கத்தின் பக்கம் ஓடியது.

அப்பாவுக்குக் கவலை பிடித்துக் கொண்டது. சர்க்கார் சம்பளம் வாங்கும் போலீஸ்காரர் வீட்டில், சர்க்காரை எதிர்க்கும் பிள்ளையா? குடும்பத்தைச் செண்டியாவுக்கே திருப்பி அழைத்துப் போய்விட்டார்.

அந்தப் பையன் பத்து வருடங்கள் கழித்து அதே சர்க்காரின் ராணுவத்தில் சேர்ந்தான்.

மண்வெட்டி பிடித்த சிப்பாய்

1940-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி பம்பாய் என்ஜினீயர் படையில் ரானே சிப்பாயாகச் சேர்ந்தார். இரண்டாவது உலகப் போர் நடந்து கொண்டிருந்த நேரம். புனாவை அடுத்த கிர்க்கிதான் அந்தப் படையின் தலைமை இடம். பயிற்சியில் சிறந்தவர் என்று கமாண்டண்டின் பிரம்பு அவருக்குப் பரிசாகக் கிடைத்தது.

சண்டை என்றதும் துப்பாக்கிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் படையின் வேலை வேறு. ஆற்றுக்குப் பாலம் கட்டுவது, உடைந்த சாலையைச் செப்பனிடுவது, பின்வாங்கும்போது எதிரி கையில் சிக்காமல் பாலத்தைத் தகர்ப்பது, கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்து எடுப்பது. முன்னேறும் ராணுவத்துக்கும் முன்னால் போய் வேலை செய்ய வேண்டும். குண்டு பாயும்போது கையில் இருப்பது பெரும்பாலும் மண்வெட்டியும் கடப்பாரையும்தான்.

அந்த வேலையின் ஆபத்தைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரைத் தலைமை இடமாகக் கொண்ட மதராஸ் என்ஜினீயர் படையின் சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர். இத்தாலியில் 1944-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, வெடிக்கப் போன கண்ணிவெடி மீது தானே விழுந்து உடனிருந்தவர்களின் உயிரைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். பதக்கம் வந்தபோது அவர் இல்லை.

அதே போரில் ரானே பர்மாவில் இருந்தார். அரக்கான் பகுதியில் நமது துருப்புகள் பின்வாங்கியபோது, புத்திடாங்கில் இருந்த முக்கியமான பொருள்களை அழிப்பதற்காக அவரும் ஒரு சிறு கோஷ்டியும் பின்தங்கினார்கள். வேலை முடிந்ததும் கப்பல் வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கப்பல் வரவில்லை! ஜப்பானியர் காவல் இருந்த ஆற்றைத் தாங்களாகவே கடந்து, அவர்கள் நமது படையுடன் வந்து சேர்ந்தார்கள். இதற்காக ரானேக்கு ஹவில்தார் பதவி உயர்வு கிடைத்தது.

நாடு சுதந்திரம் அடைந்த பின், 1947-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி அவர் அதிகாரி ஆனார். சிப்பாயாகச் சேர்ந்து ஏழு வருடத்தில் கிடைத்த உயர்வு அது.

காத்திருந்த ராஜோரி

அந்த நேரத்தில் காஷ்மீரில் போர் மூண்டிருந்தது. 1947 நவம்பரில் ராஜோரி நகரம் எதிரிகள் வசம் போய்விட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் உயிரையும் உடைமையையும் இழந்தார்கள்.

1948 மார்ச் 18-ந் தேதி ஜாங்கரை நமது ராணுவம் மீட்டது. அடுத்தது ராஜோரி. டாங்கிகள் போய்ச் சேர்ந்தால் நகரை மீட்கலாம். போகும் சாலை முழுவதும் கண்ணிவெடி, மரத்தடை, தகர்க்கப்பட்ட பாலம்.

அந்தச் சாலையைத் திறக்கும் பொறுப்பு ரானேயின் கோஷ்டிக்கு வந்தது.

நான்கு நாள் வேலை

ஏப்ரல் 8. காலை 11 மணி. 26-வது மைல் அருகே, வேலையைத் தொடங்க டாங்கிகளின் பக்கத்தில் ரானேயின் ஆட்கள் காத்திருந்தார்கள். திடீரென்று எதிரிகளின் மார்ட்டர் குண்டுகள் வந்து விழுந்தன. இரண்டு பேர் அங்கேயே மாண்டார்கள். ரானே உள்பட ஐந்து பேருக்குக் காயம்.

ரானே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மிச்சம் இருந்தவர்களை ஒன்று சேர்த்து வேலையைத் தொடங்கினார். மாலை 4.30 மணி அளவில் பர்வாலி குன்று நம் வசமானது. எதிரிகள் முழுவதும் ஒழியவில்லை என்று தெரிந்தும், டாங்கிகளுக்கு மாற்றுப் பாதை வெட்டினார். வேலை நின்றபோது இரவு 10 மணி.

ஏப்ரல் 9. காலை 6 மணிக்கு வேலை ஆரம்பம். பிற்பகல் 3 மணிக்கு மாற்றுப் பாதை தயார். முதல் வண்டியில் ரானே ஏறிக்கொண்டார். அரை மைல் போனதும் மரத்தடை. இறங்கி வெடி வைத்துத் தகர்த்தார். இன்னும் 300 கஜம். மீண்டும் மரத்தடை. அதையும் தகர்த்தார். பிறகு உடைந்த சிறு பாலம். துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே அதைச் சுற்றிப் பாதை போட்டார். மாலை 6.15 மணிக்கு வந்ததுதான், முதலில் சொன்ன ஐந்து மரங்கள். இருட்டிவிட்டதால், டாங்கிப் படைத் தலைவர் அன்று அத்துடன் முன்னேற்றத்தை நிறுத்தினார்.

ஏப்ரல் 10. விடியும் முன்பே, 4.45 மணிக்கு ரானே அந்தத் தடைக்குத் திரும்பினார். 6.30 மணிக்குத் தடை நீங்கியது. அடுத்த ஆயிரம் கஜம் தூரமும் தடைகள்தான். 10.30 மணிக்கு அதுவும் முடிந்தது. பிற்பகல் 2 மணிக்கு டாங்கிகள் சிங்கஸ் என்ற இடத்தை அடைந்தன. ரானே நிற்கவில்லை. பின்னால் வரும் வண்டிகளுக்காக, சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் இரவு 9 மணி வரை வேலை செய்தார்.

ஏப்ரல் 11. காலை 6 மணிக்கு மீண்டும் ஆரம்பம். 11 மணிக்குள் சிங்கஸ் வரை சாலை திறந்தது. அன்றும் இரவு 10 மணி வரை வேலை.

ராணுவத்தில் இன்றும் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. ஒரு கட்டத்தில் ரானே ஓடும் டாங்கியின் அடியிலேயே ஊர்ந்து போனாராம். எப்போது நகர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று டிரைவருக்குக் கயிற்றை இழுத்துச் சைகை கொடுத்தாராம்.

ஏப்ரல் 12-ந் தேதி மாலை ராஜோரி மீட்கப்பட்டது. மறைந்து வாழ்ந்த மக்கள் வெளியே வந்தார்கள்.

உயிரோடு வாங்கிய பதக்கம்

1947-48 காஷ்மீர் போருக்காக ஐந்து பேருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. மூன்று பேர் போரில் இறந்தவர்கள். உயிரோடு அந்தப் பெருமையைக் கண்டவர்கள் இருவர். ஒருவர் சீக்கிய ரெஜிமெண்டின் கரம் சிங். மற்றவர் ரானே.

அந்த விருதுக்கான பாராட்டுரையில், எதிரிகளில் இத்தனை பேரைச் சுட்டு வீழ்த்தினார் என்று ஒரு வரி கூட இல்லை. எத்தனை மணிக்கு வேலை தொடங்கினார், எத்தனை மணிக்கு முடித்தார், எந்தத் தடையை நீக்கினார் என்பதே இருக்கிறது. ஏறக்குறைய ஒரு டியூட்டிப் பதிவேடு போல!

1968-ம் ஆண்டு மேஜராக ஓய்வு பெற்றார். மறுபடி வேலையில் அமர்த்தப்பட்டு 1971 வரை பணி செய்தார். 1994-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி புனாவில் காலமானார். வயது 76.

இந்தியக் கப்பல் கழகம் தனது எண்ணெய்க் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது. 2023-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர் வைக்கப்பட்டது. கார்வார் கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது. கொங்கண் ரெயிலில் அந்தப் பக்கம் போகிறவர்கள் இறங்கிப் பார்த்து வரலாம்.

போராட்டத்தில் சேர்ந்து பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, ஊருக்கு அழைத்துப் போனார் அப்பா. அந்தப் பிள்ளை சுதந்திர நாட்டின் ராணுவத்துக்கு முன்னால் நடந்து, மற்றவர்கள் பயமில்லாமல் பின்னால் வர வழி செய்தான்.

நௌஷேரா - ராஜோரி சாலையில் இன்று பஸ்களும் லாரிகளும் ஓடுகின்றன.