கோகா இலையும் கோகைன் தூளும்

ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், ஈரமும் மிதமான சூடும் உள்ள யுங்காஸ் பகுதியில் செழிக்கும் புதர்ச்செடி கோகா. கெச்சுவா, ஐமரா மக்கள் அதன் இலையைக் காயவைத்து, காம்பு கிள்ளி, கன்னத்தில் மணிக்கணக்கில் அடக்கிக்கொள்கிறார்கள். கூடவே கினோவாத் தண்டை எரித்த சாம்பலோ சுண்ணாம்போ சேரும். வெற்றிலையோடு சுண்ணாம்பு தடவும் நமக்கு இது புதிராக இருக்காது. காரத்தன்மை கூடினால்தான் இலையிலுள்ள ஆல்கலாய்டுகள் வாயின் உட்சவ்வைக் கடந்து ரத்தத்தில் கலக்கும். வட பெருவின் நான்சோக் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டுத் தரைகளில் கோகா இலைத் துணுக்குகளும் சுண்ணாம்பும் கிடைத்திருக்கின்றன. அத்தனை பழமையான நுட்பம் இது! பொலிவியாவின் பொட்டோசியில், கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கு மேலே சுரங்கம் தோண்டுகிறவர்கள் பசியையும் களைப்பையும் தாங்குவது இந்த இலையால்தான். உயரத்தால் வரும் தலைவலிக்குத் தேநீர், பூமித்தாய் பச்சமாமாவுக்குப் படையல், விருந்தினருக்கு முதல் உபசாரம் எல்லாமே கோகாதான்.

இந்த இலையைத்தான் 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம் கோகைனோடு ஒரே பட்டியலில் வைத்து, மெல்லும் பழக்கத்தை 25 ஆண்டுகளுக்குள் ஒழிக்கச் சொன்னது. இலையில் கோகைன் இருக்கிறதே என்பது அதற்கான வாதம். இருப்பது உண்மை, 1860வாக்கில் ஆல்பர்ட் நீமன் அதை இலையிலிருந்துதான் பிரித்தெடுத்தார். ஆனால் உலர்ந்த இலையில் அதன் அளவு பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதுவும் கன்னத்திலிருந்து மெல்ல மெல்லவே ரத்தத்தில் ஏறுகிறது. மூக்கில் உறிஞ்சும் தூளோ சில நிமிடங்களில் மூளையைத் தாக்குகிறது. அடிமைத்தனத்தைத் தீர்மானிப்பதில் பொருளின் பெயரைவிட அளவும் வேகமும் முக்கியம். ஒப்பந்தத்துக்கு முன் ஆராய்ந்த ஐ.நா. குழுவே, மெல்லுதல் தீங்கானது என்று 1950இல் கண்டித்தபோதும், மருத்துவப் பொருளில் அதை அடிமைத்தனம் என்று சொல்லவில்லை.

விளைவதில் பெரும்பங்கு கடத்தல்காரர்களிடம் போகிறதே என்ற கேள்வி இன்னும் கனமானது. மறுக்க முடியாது. ஆனால் ஒரு கிலோ கோகைனுக்கு நூற்றுக்கணக்கான கிலோ இலையும், மண்ணெண்ணெயும், அமிலமும், ரகசியக் கூடமும் வேண்டும். குற்றம் நடப்பது அங்கே. கிழவியின் இடுப்புப் பையில் இல்லை. அதே ஒப்பந்தத்தின் 27ஆம் பிரிவு, கோகைன் நீக்கிய இலைச்சாற்றைக் குளிர்பானச் சுவையூட்டியாகப் பயன்படுத்த வழிவிட்டிருக்கிறது. ஆலைக்குக் கிடைத்த சலுகை, அந்தச் செடியைப் பழக்கி வளர்த்த மக்களுக்குக் கிடைக்கவில்லை. பொலிவியா 2011இல் ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்து, தன் மண்ணில் இலை மெல்லும் உரிமையை விலக்காகப் பதிவுசெய்து 2013இல் திரும்பச் சேர்ந்தது. ஒரு நாடு இப்படிப் போராடிப் பெற்ற அந்த விலக்கு, ஆண்டிஸ் மக்கள் அனைவருக்கும் பொது விதியாக வேண்டும்.