பழைய பிரிண்டரை வீசுவதற்கு முன்...

விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11க்கு மாறிய பலர் என்னிடம் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: "கொம்பியூட்டர் நல்லா வேல செய்யுது, பிரிண்டர்தான் செத்துப் போச்சு." கடையில் கேட்டால் "இது பழசு, புதுசு எடுங்க" என்பார்கள். இன்றைய விலைவாசியில் ஊரில் சின்னதாக ஒரு கொமியுனிகேஷன் நடத்துபவருக்கு இது லேசான செலவல்ல. நான் பார்த்தவரை அநேகமானவற்றில் பிரிண்டருக்கு ஒரு கோளாறும் இல்லை.

கோளாறு டிரைவரில். கொம்பியூட்டர் சொல்வதைக் கருவிக்கு விளங்கவைக்கும் மொழிபெயர்ப்பாளர் அது. விண்டோஸ் 10 ஆனது 32 பிட், 64 பிட் என இரு வகையாக வந்தது. விண்டோஸ் 11 இல் 64 பிட் மாத்திரமே உண்டு. 32 பிட் டிரைவர் அதில் ஏறவே ஏறாது. எனவே பெட்டியோடு வந்த சீடியை மறந்துவிடுங்கள். தயாரித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 7, 8 என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை, பல நேரங்களில் அதுவே போதும். 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரம் செய்யும் இலவச மென்பொருட்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். வைரஸ் வீட்டுக்குள் வர அதைவிட இலகுவான வழி இல்லை.

பிரிண்டர்களிலும் இரு இனம். எச்பீ லேசர்ஜெட் 1200 போன்றவைக்கு பீசீஎல் என்ற பொது மொழி விளங்கும். சொந்த டிரைவர் கிடைக்காவிட்டாலும் அதே நிறுவனத்தின் பொது டிரைவரையோ, அதே குடும்பத்து வேறொரு மொடலின் டிரைவரையோ கொடுத்து அச்சிட வைக்கலாம். கெனன் எல்பீபீ 2900 அப்படியல்ல, அதற்குரிய டிரைவர்தான் வேண்டும்.

சரியான டிரைவரைப் போட்டும் கருவி அசையவில்லையா? விண்டோஸ் செக்யூரிட்டியில் 'கோர் ஐசொலேஷன்' பகுதியைத் திறந்து பாருங்கள். அங்குள்ள 'மெமரி இன்டெக்ரிட்டி' பழைய டிரைவர்களைத் தடுக்கும். அதை ஓஃப் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. கடைக் கணக்கும் வங்கி வேலையும் நடக்கும் கொம்பியூட்டரில் அதை ஓஃப் செய்ய நான் சம்மதிக்கமாட்டேன். ஒரு ஸ்கேனருக்காகக் கதவைத் திறந்து வைப்பதா?

தராசு, பில் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு தலையிடி. அவற்றை இணைக்கும் யூஎஸ்பீ சீரியல் கேபிள்கள் பலவற்றில் இருப்பது புரோலிபிக் நிறுவனத்தின் பழைய சிப். புதிய டிரைவர், அந்த சிப் 2012 இலேயே கைவிடப்பட்டது என்று எழுதிக் காட்டி வேலைசெய்ய மறுக்கும். தராசு பழுதில்லை. கேபிளை மாத்திரம் மாற்றினால் போதும்.

64 பிட் டிரைவரே வெளிவராத ஸ்கேனர்களுக்கு வியூஸ்கேன் என்ற மென்பொருளை முயன்று பாருங்கள். காசு கொடுத்து வாங்குவதுதான், ஆனால் வாங்க முன் உங்கள் மொடல் அதன் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கலாம், இலவசமாக ஓட்டியும் பார்க்கலாம். அதுவும் சரிவராவிட்டால், மூலையில் கிடக்கும் பழைய கொம்பியூட்டரை இன்டர்நெட் கொடுக்காமல் ஸ்கேனருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். எடுத்த படங்களைப் பென் டிரைவில் மாற்றிக்கொள்ளலாம்.