சரம் (சி நிரலாக்க மொழி)

சி நிரலாக்க மொழியில் சரம் என்பது நினைவகத்தில் அடுத்தடுத்து அமைந்து, சுழியம் மதிப்புடைய ஒரு பைட்டால் முடிவு குறிக்கப்பட்ட வரியுருத் தொடர் ஆகும். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிசு ரிட்சி உருவாக்கிய இம்மொழியில் சரத்துக்கெனத் தனித் தரவு வகை இல்லை. வரியுரு அணி, சுட்டு ஆகியவற்றின் வழியாகவே சரங்கள் கையாளப்படுகின்றன. சரத்தின் நீளம் எங்கும் பதியப்படுவதில்லை; இறுதிச் சுழியமே அதன் எல்லைக்குறி.

அணியும் சுட்டும்

வரியுரு அணி, சரத்துக்கான இடத்தைத் தன்னுள் கொண்டது. சுட்டு என்பது நினைவக முகவரி ஒன்றைத் தாங்கும் மாறி. அணியின் பெயர் பெரும்பாலான கோவைகளில் அதன் முதல் உறுப்பின் முகவரியாக மாறுவதால், இரண்டும் ஒன்றே எனக் கருதுவதுண்டு. ஆயினும் பின்வரும் வேறுபாடுகள் உள்ளன.

* அணியின் உறுப்புகளை மாற்றலாம். அணியின் பெயருக்கு வேறு முகவரியை அளிக்க இயலாது.
* சுட்டுக்கு வேறு முகவரியை அளிக்கலாம். ஆனால், மேற்கோள் குறிகளுக்குள் எழுதப்பட்ட சரத்தை அது சுட்டும்போது, அதன் வழியே எழுத்துகளை மாற்ற முயன்றால் விளைவு வரையறுக்கப்படாதது.
* இரு சுட்டுகளைச் சமக்குறியால் ஒப்பிட்டால் முகவரிகளே ஒப்பிடப்படும். உள்ளடக்கத்தை ஒப்பிட ஸ்டர்கம்ப் சார்பு பயன்படுகிறது.

நீளம் காணல்

ஸ்டர்லென் சார்பு, சரத்தின் தொடக்கத்திலிருந்து சுழியம் வரும்வரை பைட்டுகளை எண்ணுகிறது. அது எழுத்துகளை எண்ணுவதில்லை. ஆங்கிலத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் வேறுபாடு புலப்படாது. தமிழில் உடனே புலப்படும்.

எடுத்துக்காட்டாக, புதுச்சேரியிலுள்ள மூலக்குளம் என்னும் ஊரின் பெயரில் 6 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 10 குறியீடுகளாகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. எனவே ஸ்டர்லென் தரும் விடை 30. முடிவுச் சுழியத்தையும் சேர்த்து அணிக்கு 31 பைட்டுகள் வேண்டும். முன்னர் வழக்கிலிருந்த திஸ்கி குறிமுறையில் இதே பெயர் 6 பைட்டுகளில் அடங்கியது. ஆகவே அக்குறிமுறைக்கென அளவிட்ட அணிகளில் ஒருங்குறிச் சரத்தை அப்படியே இட இயலாது.

எல்லை மீறல்

ஸ்டர்காப்பி சார்பு, பெறும் அணியின் அளவை அறியாது. இடம் போதாவிடில் அடுத்துள்ள நினைவகத்தின் மீதும் எழுதிவிடும். உள்ளீட்டைப் பெறும் கெட்ஸ் சார்பிலும் இதே குறை இருந்தது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிசு புழு, பயன்படுத்திய வழிகளுள் ஒன்றாக இக்குறையைக் கொண்டது. 2011ஆம் ஆண்டுச் சீர்தரத்தில் கெட்ஸ் நீக்கப்பட்டது.

அணியின் அளவையும் கேட்டுப் பெறும் எஸ்என்பிரிண்ட்எஃப் போன்ற சார்புகள் எல்லை மீறலைத் தவிர்க்கின்றன. எனினும் அவை சரத்தைத் துண்டிக்கக்கூடும். மேற்கண்ட பெயரை 10 பைட்டு அணியில் இட்டால் ‘மூல’ மட்டும் எஞ்சும். 12 பைட்டு அணியில் இட்டால், அடுத்த ககரத்தின் 3 பைட்டுகளுள் 2 மட்டும் தங்கி அவ்வெழுத்து சிதையும். எனவே தமிழ்ச் சரங்களைக் கையாளும்போது அணியின் அளவைப் பைட்டுகளிலும், துண்டிக்கும் இடத்தை எழுத்தெல்லையிலும் கணக்கிடுதல் வேண்டும்.